நீராவி காட்டுறதுக்கு முன்னாடி வயசைப் பாருங்க: ஒரு பழைய ஸ்டெட்சன் தொப்பியோட முழு கேஸ்

போன வருஷம் ஜூன் மாசம் பென்சில்வேனியாவுல லேன்காஸ்டர் பக்கம் ஒரு எஸ்டேட் சேலுக்குப் போயிருந்தேன். வீட்டுல பெரியவங்க தவறிட்டா பசங்க வந்து இருக்குற சாமான் எல்லாத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டி ஹால்லயே பரப்பி வெச்சு வித்துட்டுப் போவாங்கள்ல, அதுதான். நான் போனது ஒரு பழைய டூல்பாக்ஸுக்காக, அது எனக்கு முன்னாடியே யாரோ தூக்கிட்டாங்க. வெறுங்கையோட திரும்ப மனசில்லாம மாடியில ஒரு அலமாரியைக் குடைஞ்சுட்டு இருந்தப்போ, கிறிஸ்மஸ் லைட்டு மூட்டைக்கு அடியில நசுங்கின சாம்பல் கலர் தொப்பி ஒண்ணு. சீட்டுல '1940கள், 35 டாலர்'. உள்ள தோல் பட்டையில தேய்ஞ்ச தங்க எழுத்துல ஸ்டெட்சன், அது அமெரிக்கத் தொப்பி கம்பெனி, பக்கத்துல மாடல் பேரு ஸ்ட்ராட்டோலைனர். பேரம் கூட பேசல.

இதுல பாதி வேலையில நானே ஒரு பாகத்தைக் கெடுத்துட்டேன். அதையும் சேர்த்துத்தான் எழுதுறேன், இந்த மாதிரி தொப்பி கையில கிடைச்சா யாரும் என்னை மாதிரி கெட்டிலை ஆன் பண்ணிட்டு ஓடி வராதீங்கன்னு.

வந்தப்போ இருந்த நிலைமை

வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணி விரிச்சு, லைட்டு போட்டு, ஒரு மணி நேரம் தொடாம சும்மா பாத்தேன். பிரிம், அதாவது சுத்தி இருக்குற விளிம்பு, பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடந்தது. கிரவுன்ல, அதாவது தலையை மூடுற மேல்பாகத்துல, முன்பக்கம் ரெண்டு விரலால கிள்ளித் தூக்குற இடத்துல கட்டைவிரல் எண்ணெய் ஏறிக் கருத்து, மடிப்பு ஓரமா ஒரு மயிரிழை விரிசல் ஆரம்பிச்சிருந்தது (தொப்பியை விளிம்பைப் பிடிச்சுத் தூக்கணும், கிள்ளித் தூக்கவே கூடாது, ஆனா படம் பாத்து வளர்ந்த எல்லாரும் அப்படித்தான் தூக்குவோம்). ரிப்பனுக்கு மேல அரை விரற்கடை உயரத்துக்கு வியர்வை ஊறி ஏறின கோடு, கடல் தண்ணி வத்தினா மணல்ல ஒரு கோடு நிக்குமே அது மாதிரி. பின்பக்கம் அந்துப்பூச்சி மேஞ்ச தடம் மூணு, அதுல ஒண்ணு குண்டூசி அளவுக்கு முழுசாவே ஓட்டை. ரிப்பன் வெயில்ல வெளுத்து ஒரு மாதிரி பழுப்பு. ரிப்பன்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு பொடி ஓட்டை, அது பூச்சி இல்ல, எதுவோ குத்தி எடுத்திருக்காங்க. அதுக்கு அப்புறம் வரேன்.

உள்ள ஸ்வெட்பேண்ட். நெத்தியில படுற தோல் பட்டைக்கு அதுதான் பேரு. வெயில்ல காஞ்ச வாழை மட்டை மாதிரி விறைப்பு, பின்னாடி ஜாயிண்ட்ல நாலு சென்டிமீட்டர் தையல் விட்டிருந்தது. விரலால லேசா மடிக்கப் பாத்தேன், கரகரன்னு சத்தம். பயந்து விட்டுட்டேன். இந்த 'பயந்து விட்டுட்டேன்'ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, கேஸே அதுலதான் இருக்கு.

மூக்குக்கிட்ட கொண்டுபோனா அந்துருண்டை வாசம். பாட்டி பட்டுப்புடவை வெச்சிருந்த தகர டிரங்கு வாசம் அப்படியே.

ஃபர் ஃபெல்ட்னா என்ன

நிறைய பேர் ஃபெல்ட்னா கம்பளின்னு நினைக்குறாங்க. ஆட்டுக்கம்பளியில செய்யுற ஃபெல்ட்டும் இருக்கு, மலிவு, மழையில நனைஞ்சா தொங்கிப் போயிடும். ஃபர் ஃபெல்ட்டுங்குறது முயல், காட்டுமுயல், பீவர் இந்த மிருகங்களோட மேல்முடியை நீக்கிட்டு அடியில இருக்குற பஞ்சு மாதிரி மென்மையான முடியை மட்டும் எடுத்துச் செய்யுறது. இதுல நூலும் கிடையாது நெசவும் கிடையாது. ஒவ்வொரு முடியிலயும் கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு, சூடும் ஈரமும் கொடுத்து உருட்டி உருட்டி அழுத்தினா முடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து பின்னிக்கும், பின்னினது திரும்பப் பிரியாது, நம்ம சடாமுடி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். முதல்ல பெரிய கூம்பா உருவாக்கி, அதைக் கொதிதண்ணியில போட்டுச் சுருக்கிச் சுருக்கி பாதிக்கும் கீழ கொண்டு வருவாங்க. அதனாலதான் ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத தடிமன்ல அவ்வளவு உறுதி. ஓட்டை விழுந்தாலும் துணி மாதிரி நூல் பிரிஞ்சு பெருசாகாது. விறைப்புக்கு உள்ள அரக்கு ஏத்துவாங்க, அரக்கு மாளிகை அரக்கேதான், நம்ம நாட்டு மரத்துப் பூச்சி கொடுக்குற பிசின், கப்பலேறி அமெரிக்கா போய் தொப்பிக்குள்ள உக்காந்திருக்கு.

ஆவி காட்டினா அரக்கு இளகும், முடியும் தளரும், அப்போ எந்த வடிவத்துல பிடிச்சு ஆற வெக்கிறோமோ அந்த வடிவத்துல நிக்கும். பழைய தொப்பியை மீட்டெடுக்குறதுல முக்காவாசி வேலை இந்த ஒரே குணத்தை நம்பித்தான்.

பிரச்சனை பாதரசம். முயல் முடி தானா அவ்வளவு சுலபமா பின்னிக்காது. அதுக்காக பாதரசத்தை நைட்ரிக் ஆசிட்ல கரைச்சு தோல்மேல பூசிக் காய வெப்பாங்க, முடி நுனி ஆரஞ்சு கலராகும், அதனால தொழில்ல அதுக்கு கேரட்டிங்னே பேரு. முடி சொரசொரப்பாகி நல்லா பின்னிக்கும். ஆனா அந்த ஃபெல்ட்டை ஆவியில வாட்டுறப்போ வர்ற பாதரசப் புகையைச் சுவாசிச்ச தொழிலாளிங்க கை நடுங்கி, ஈறு வீங்கி, பல்லு கொட்டி, மனசும் கலங்கிப் போனாங்க. கனெக்டிகட்ல தொப்பி நகரம்னு பேர் வாங்கின டான்பரியில இந்த நடுக்கத்துக்கு 'டான்பரி ஷேக்ஸ்'னே பேரு. நியூ ஜெர்சி ஆரஞ்சுங்குற ஊர்ல ஃப்ரீமன்னு ஒரு டாக்டர் 1860-லயே தொப்பித் தொழிலாளிகளுக்கு வர்ற பாதரச நோயைப் பத்தி எழுதிட்டாரு. ஸ்டெட்சன் கம்பெனியை ஆரம்பிச்ச ஜான் பி. ஸ்டெட்சன் பொறந்ததும் அதே ஆரஞ்சுலதான், 1830-ல, அப்பாவும் தொப்பிக்காரர். டாக்டர் எழுதி 80 வருஷம் கழிச்சு, 1941 டிசம்பர் 1-ம் தேதியிலேருந்துதான் அமெரிக்க ஃபெல்ட் தொழில்ல பாதரசம் நின்னுச்சு. 80 வருஷம்! தெரியாம இருந்ததுன்னு சொல்லவே முடியாது.

அப்போ தொழிலாளிக்கு வந்த ஆபத்து அளவுக்கு ஒரே ஒரு தொப்பியை வெச்சிருக்குற நமக்கு வராது, உண்மைதான். ஆனா 1941-க்கு முந்தின தொப்பியில பாதரசம் இன்னமும் ஃபெல்ட்டுக்குள்ள இருக்கும், மியூசியங்கள்ல பழைய தொப்பிகளை டெஸ்ட் பண்ணிப் பாத்து உறுதி பண்ணியிருக்காங்க, கையுறை இல்லாம தொடறதில்ல. அப்படிப்பட்ட ஒண்ணை மூடின ரூம்ல ஆவியில காட்டுறதும், சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சுத் தூசி கிளப்புறதும் வேண்டாத வேலை. அதனால தொப்பிக்கு வயசு பாக்குறது கலெக்டர் பந்தாவுக்காக இல்லைங்க. எந்த வேலையைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாதுன்னு அந்த வயசுதான் சொல்லும்.

வயசு விசாரணை

என் தொப்பியில சிக்கலே இங்கதான். ஸ்ட்ராட்டோலைனர்ங்குறது முதல்ல ஒரு விமானத்தோட பேரு. போயிங் 307, 1940-ல பயணிகள் சர்வீஸுக்கு வந்தது, கேபினுக்குள்ள காத்தழுத்தம் ஏத்தி உயரத்துல பறந்த முதல் பயணிகள் விமானம், மொத்தமே 10 தான் செஞ்சாங்க. அந்தப் பேரு சூடா இருக்குறப்பவே ஸ்டெட்சன் அதை எடுத்து ஒரு லேசான தொப்பிக்கு வெச்சு, ரிப்பன்ல குட்டி விமான பின் ஒண்ணு குத்தி வித்தாங்க. என் ரிப்பன்ல இருந்த ரெண்டு ஓட்டை அந்த பின்னோடது. பின் எந்தக் கோட்டுல எந்தக் குழந்தை குத்திக்கிட்டுப் போச்சோ.

அப்போ 1940-க்கு முன்னாடி இல்லங்குறது நிச்சயம். ஆனா பாதரசம் நின்னது 1941 கடைசி. நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு வருஷ இடைவெளி, என் தொப்பி அதுக்குள்ள விழுமா வெளிய விழுமா? விமானம் சீக்கிரமே பழசாயிடுச்சு, தொப்பி மாடல் மட்டும் போருக்கு அப்புறமும் வித்துட்டு இருந்தது. பிலடெல்பியாவுல செஞ்சதுன்னு முத்திரை இருக்கு, அது உதவாது, ஏன்னா கம்பெனி 1865-ல ஆரம்பிச்ச ஊரே அதுதான், ஃபேக்டரியை மூடுனது 1971-ல. லைனர்ல, அதாவது உள்பக்கத் துணியில, ஒட்டின பிளாஸ்டிக் முக்கோணம், பட்டையில ஊர் பேரோட கடை முத்திரை, பின்னாடி இருந்த குட்டி முடிச்சு, இதெல்லாம் வெச்சு அனுபவசாலிங்க ஒரு பத்து வருஷத்துக்குள்ள சொல்லிடுவாங்க, எனக்கு அந்தக் கண்ணு அப்போ கிடையாது.

எங்க ஊர்லேருந்து ஒரு மணி நேர டிரைவ்ல பழைய தொப்பி பாக்குற ஒரு பெரியவர் இருக்காரு, எழுபதைத் தாண்டினவர், போன் பண்ணிக் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பட்டையை முழுசா கீழ திருப்பிப் பாத்தியா?" ஸ்வெட்பேண்ட்டுக்குப் பின்னாடிதான் சைஸ் சீட்டு, மாடல் சீட்டு, விலைச்சீட்டு எல்லாம் ஒளிஞ்சிருக்கும். நான் முன்பக்கம் கொஞ்சம் நெம்பிப் பாத்தேன், 7 1/8னு சைஸ் சீட்டு தெரிஞ்சது (நம்ம கணக்குல 57 சென்டிமீட்டர்), பின்பக்கம் தோல் கரகரன்னதும் விட்டுட்டேன்னு சொன்னேன். "முதல்ல தோலுக்கு எண்ணெய் பசை கொடு, ஒரு வாரம் விடு, இளகினதும் திருப்பு, அதுவரைக்கும் வேற எதுவும் செய்யாதே"ன்னாரு. சரிங்கன்னு தலையாட்டிட்டு போனை வெச்சேன்.

முதல் மாசம்: ஒழுங்கா செஞ்ச வேலை

அந்துப்பூச்சி தடம் இருக்கே, முட்டையும் இருக்கலாம். தொப்பியை ரெண்டு பிளாஸ்டிக் பையில காத்து எடுத்துக் கட்டி, ஃப்ரீசர்ல மைனஸ் 18-ல ரெண்டு வாரம். வீட்டம்மா ஃப்ரீசரைத் திறந்துட்டு, "மீனுக்குப் பக்கத்துல என்னங்க இது?"ன்னு கேட்டாங்க. தொப்பின்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு மூடிட்டாங்க. வெளிய எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் அப்படியே விடணும், இல்லன்னா காத்துல இருக்குற ஈரம் குளிர்ந்த ஃபெல்ட் மேலயே இறங்கும். பைக்கு வெளிய முத்து முத்தா வேர்த்துச்சு, உள்ள காஞ்சபடியே இருந்தது.

அப்புறம் கையுறை, மாஸ்க், தோட்டத்துல நின்னு பிரஷ். குதிரைமுடி பிரஷ்ஷால இடமிருந்து வலமா இல்ல, மேலேருந்து பாத்தா கடிகார முள்ளுக்கு எதிரா சுத்தணும், ஃபெல்ட்டை முடிக்குறப்போ முடியை அந்தப் பக்கமாத்தான் படிய வெச்சிருப்பாங்க. கட்டைவிரல் எண்ணெய்க்கறைக்கு பழங்காலத்து வைத்தியம் ஃபுல்லர்ஸ் எர்த், நம்ம பாஷையில முல்தானி மட்டி. ஆஹா நம்ம கடையிலயே கிடைக்குமேன்னு இந்தியன் ஸ்டோர்ல ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து, நல்லவேளை நேரா முன்பக்கம் போடாம பட்டைக்கு அடியில ஓரமா கொஞ்சூண்டு வெச்சுப் பாத்தேன். வெளிர் சாம்பல் ஃபெல்ட்டுல மஞ்சள் பூத்துப் போச்சு. அதோட அது முகத்துக்குப் போயிடுச்சு, தொப்பிக்கு கார்ன்ஃப்ளார் மாவு. ராத்திரி தூவி காலையில தட்டி, மறுபடி தூவி, நாலு நாள். கருப்பு பாதியா குறைஞ்சது.

கெடுத்த கதை

இப்போதான் தோலுக்கு எண்ணெய் கொடுத்து ஒரு வாரம் விடணும். ஜூலை நாலு லீவு, வீட்டுக்கு ஃப்ரெண்ட்ஸ் வராங்க, தொப்பியைக் காட்டணும். நெளிஞ்ச பிரிம் கண்ணை உறுத்துது. வெளியில, திறந்தவெளியில, காத்து அடிக்குற பக்கம் நின்னு, மாஸ்க்கோட பிரிம்முக்கு மட்டும் பத்து செகண்ட் ஆவி காட்டினா பாதரசமே இருந்தாலும் என்ன ஆயிடப்போகுதுன்னு எனக்கு நானே ஒரு வக்கீல் வெச்சு வாதாடி ஜெயிச்சு, எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டு கெட்டிலைத் தோட்டத்துக்கே கொண்டு போயிட்டேன்.

பிரிம் அழகா இளகிச்சு. சூடான சப்பாத்தி மாதிரி கையில துவளுது. அந்த சந்தோஷத்துல வலது பக்கத்தைத் திருப்புறப்போ காத்து திரும்பிடுச்சு, ஆவி நேரா தொப்பிக்குள்ள. நாலஞ்சு செகண்ட் இருக்கும். சர்ருன்னு ஒரு சத்தம் கூட இல்ல. பாத்துட்டு இருக்கும்போதே வலது நெத்திப் பக்கத் தோல் ஒரு விரல் நீளத்துக்கு இழுத்து, சுருண்டு, கருத்து, கருவாடு மாதிரி ஆயிடுச்சு. தொட்டா பிளாஸ்டிக். ஃபெல்ட்டுக்கு ஒரு கீறல் இல்ல.

தோலுங்குறது கொலாஜன் நார். ஈரத்தோட ஒரு அளவுக்கு மேல சூடு போனா அந்த நார் பொத்துன்னு சுருங்கிடும், சுருங்கினது சுருங்கினதுதான், எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டு வராது. புதுத் தோல் ஓரளவு தாங்கும். வருஷக்கணக்கா ஒருத்தர் நெத்தி வியர்வையைக் குடிச்சு, உப்பும் அமிலமும் ஏறி நைஞ்ச தோலுக்கு அந்த எல்லை ரொம்பக் கீழ இறங்கி இருக்கும், ஆவியோ கிட்டத்தட்ட 100 டிகிரி. மனுஷன் உயிரோட இருந்தப்போ தொப்பிக்குள்ள சேத்த வியர்வைதான் அந்தத் தோலுக்கு எமன். அந்த ஃபெல்ட் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும், அதுக்கு முன்னாடி செத்துப் போறது தோல்தான்னு பெரியவர் போன்லயே சொல்லியிருந்தாரு, நான்தான் காதுல வாங்கல.

ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க. தொப்பியை யாருக்கும் காட்டல.

பட்டைக்குப் பின்னாடி இருந்தது

சுருங்கின பட்டை ஃபெல்ட்டையும் சேத்து இழுக்க ஆரம்பிச்சது, வலது பக்கம் பிரிம் அடியில ஒரு மடிப்பு. விட்டா ஃபெல்ட் அந்த வடிவத்துக்கே போயிடும், அதனால பட்டையைக் கழட்டியே ஆகணும். சின்ன கத்தரியால தையலை ஒண்ணொண்ணா வெட்டினேன். பட்டை ஃபெல்ட்டோட நேரா தைக்கப்பட்டது இல்ல, பட்டை ஓரத்துல மெல்லிய குழல் மாதிரி ஒரு நாடா இருக்கும், அதுலதான் தையல் போகும். ஓட்டைகளை எண்ணிப் பாத்தேன், ஒரு இஞ்சுக்கு ஒன்பது பத்து.

பின்பக்கம் வந்ததும் ஒரு காகிதச் சீட்டு, தபால்தலையை விடக் கொஞ்சம் பெருசு, பட்டைக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவுல. நான் கரகரன்னதும் பயந்து விட்ட அதே இடம். விலை பாதி அழிஞ்சு 1ங்குற எண் மட்டும் தெரியுது. அதுக்குக் கீழ அச்சுல, ஓபிஎஸ், செக்ஷன் 43, சிபிஆர் 7.

என்னடா இது கோட் வேர்டுன்னு பெரியவருக்கே போட்டோ அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டாரு, சிரிச்சுக்கிட்டே. ஓபிஎஸ்னா ஆபீஸ் ஆஃப் பிரைஸ் ஸ்டெபிலைசேஷன். கொரியப் போர் நேரத்துல விலைவாசி ஏறாம இருக்க 1951 ஜனவரியில அமெரிக்க அரசாங்கம் விலைக்கு உச்சவரம்பு வெச்சது, அந்தத் துறைதான் அது. சிபிஆர் 7ங்குறது சில்லறைக் கடை விலைக்கான விதி. இந்த விலைக்கு மேல விக்கக் கூடாதுன்னு பொருள்லயே அச்சடிச்சு ஒட்டினாங்க. 1953-ல துறையையே கலைச்சுட்டாங்க. அப்போ என் தொப்பி கடைக்கு வந்தது 1951-க்கும் 53-க்கும் நடுவுல. எஸ்டேட் சேல் சீட்டுல எழுதியிருந்த 1940கள் தப்பு. பாதரசம் நின்னு பத்து வருஷம் ஆனதுக்கு அப்புறம் செஞ்ச ஃபெல்ட்.

ஒரு மாசமா எதை நினைச்சு மாஸ்க்கும் கையுறையுமா அலைஞ்சேனோ அதுக்கு பதில் என் விரலுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி இருந்திருக்கு. எண்ணெய் போட்டு ஒரு வாரம் பொறுத்திருந்தா பட்டையும் பிழைச்சிருக்கும், சீட்டும் தெரிஞ்சிருக்கும், நிம்மதியா ஆவியும் காட்டியிருக்கலாம். அரசாங்கம் விலைக்கு ஒட்டின ஒரு சீட்டு 70 வருஷம் கழிச்சு ஒருத்தனுக்கு பாதரசம் இல்லன்னு சர்டிஃபிகேட் கொடுக்குது பாருங்க, இதை ஒட்டினவங்க கனவுலயும் நினைச்சிருக்க மாட்டாங்க.

ரெண்டாவது ரவுண்டு

பட்டை போனது போச்சு. ஆனா அது போனதுனால ஒரு வேலை செய்ய வழி கிடைச்சது. பழைய தொப்பிக் கடைக்காரங்க கறை எடுக்க நாப்தாவுல முக்குவாங்க, இங்க கேம்ப் ஸ்டவ்வுக்கு ஊத்துற வெள்ளை கேஸ் அதோட ஜாதிதான். தண்ணி மாதிரி ஃபெல்ட்டைச் சுருக்காது, எண்ணெயை மட்டும் கரைக்கும். தோலையும் லைனர் பசையையும் கெடுக்கும், அதனால பட்டை, லைனர், ரிப்பன் எல்லாத்தையும் கழட்டின வெறும் ஃபெல்ட்டுக்குத்தான் சரி. ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், இது பெட்ரோல் மாதிரி பத்திக்குற சமாச்சாரம், அதோட புகை காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போய் பத்தடி தள்ளி இருக்குற வாட்டர் ஹீட்டர் தீயைத் தேடிப் பிடிக்கும். கேரேஜ்ல, பேஸ்மெண்ட்ல செய்யவே கூடாது. நான் தோட்டத்துக் கோடியில மூடி போட்ட தொட்டியில வெச்சேன். இருபது நிமிஷத்துல திரவம் டீ டிகாஷன் கலர். ஒரு முழு நாள் கொடியில காத்தாட விட்டேன். கழிவைக் கொண்டுபோய் கவுண்ட்டி ரசாயனக் கழிவு எடுக்குற நாள்ல கொடுத்தேன், சாக்கடையில ஊத்தல.

ரிப்பனைக் கழட்டின நிமிஷம்தான் இந்த முழு வேலையில எனக்குப் பிடிச்ச இடம். முடிச்சுக்கு உள்ள கண்ணுக்கே தெரியாத பொடித்தையல், ஒவ்வொண்ணா வெட்டுறதுக்கு முன்னாடி எட்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சேன் (ஆம்பளைத் தொப்பிக்கு முடிச்சு இடது பக்கம் வரும்). ரிப்பன் விலகினதும் அடியில ஒரு வளையம், மழைக்கு முன்னாடி வர்ற மேகத்தோட நீலச் சாம்பல். 1951-ல கடை ஜன்னல்ல தொப்பி அந்த நிறத்துலதான் இருந்திருக்கு. மீதி எல்லாம் வெயில்ல வெளுத்தது. சாயம் ஏத்தி முழுசையும் அந்த நிறத்துக்குக் கொண்டு வரலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். வேணாம்னு விட்டுட்டேன், சாயம் போட்ட தொப்பியைக் கிட்டப் போய் பாத்தா தலைக்கு டை அடிச்ச மாமா மாதிரியே இருக்கும்.

ரிப்பனுக்கு ஒரு பழைய தந்திரம் இருக்கு, உள்பக்கத்தை வெளிய திருப்பித் தைக்குறது. உள்பக்கம் வெயிலே படாம கரும்சாம்பலா பளிச்சுன்னு இருந்தது. திருப்பினேன். பின் ஓட்டை ரெண்டும் அப்படியே இருக்கு, அடைக்கல. இணையத்துல அந்த விமான பின் தனியாவே விக்குறாங்க, ஒரிஜினலோ நகலோ, வாங்கல.

ஃபெல்ட்டுக்கு இப்போ தைரியமா ஆவி. 7 1/8 சைஸ் மரத்தலை ஒண்ணை பெரியவர்கிட்டயே இரவல் வாங்கினேன். நல்லா ஆவி காட்டி அதுமேல இழுத்து மாட்டி, அடியில கயிறு கட்டி, ராத்திரி முழுக்க விட்டேன். பிரிம்முக்கு தொழில்ல மரத்துல வளைவா செஞ்ச ஒரு வளையம் வெச்சிருப்பாங்க, என்கிட்ட கிடையாது, டைனிங் டேபிள்ல போர்வை விரிச்சு ஈரத்துணி மேல அயர்ன் பாக்ஸ். ஓரம் கொஞ்சம் கையாலயே தூக்கி விட்டேன். உத்துப் பாத்தா இடதும் வலதும் ஒரே மாதிரி இல்ல.

பூச்சி தடத்துல 600 நம்பர் சாண்ட்பேப்பரைச் சும்மா பூப்போல, சின்னச் சின்ன வட்டமா. மேல் முடி சமமாகி மேலோட்டமான ரெண்டு தடம் மறைஞ்சே போச்சு. குண்டூசி ஓட்டைக்கு, பட்டைக்கு அடியில மறையுற இடத்துல தேய்ச்சு எடுத்த அதே ஃபெல்ட்டோட தூளை அரக்குக் கரைசல்ல துளி குழைச்சு ஊசி முனையால அடைச்சேன். ஒரு அடி தள்ளி நின்னா தெரியாது. தெரிஞ்சவன் தேடினா தெரியும். முன் மடிப்பு விரிசலுக்குப் பின்னாடி மெல்லிய துணி ஒட்டலாம்னு சொல்றாங்க, நான் ஒட்டல, மடிப்பையே அரை இஞ்ச் தள்ளி வெச்சேன், அந்த இடத்துக்கு ஓய்வு கிடைக்கட்டும்னு. வியர்வைக் கோடு நாப்தாவுக்கு மசியல, அது எண்ணெய் இல்லையே, உப்பு. லேசா ஈரத்துணியும் ஆவியுமா ஒத்தி எடுத்ததுல மங்கிச்சு, முழுசா போகல. ரிப்பன் பாதியை மறைச்சிடுது.

பட்டைதான் கடைசி வேலை, இருக்குறதுலயே கஷ்டமும் அதுதான். புது ஆட்டுத்தோல் பட்டை வாங்கி, மிஷின் போடாம பழைய ஓட்டைக்குள்ளயே ஊசி விட்டுத் தைச்சேன். புது ஓட்டை போட்டா ஃபெல்ட் தபால்தலை மாதிரி கிழியுற அபாயம் இருக்கு. மூணு ராத்திரி. முதல் ராத்திரி தைச்சது முழுக்க ஒரு ஓட்டை தள்ளிப் போயிருந்ததுன்னு முக்கால்வாசி வந்தப்புறம்தான் கவனிச்சேன், பிரிச்சு மறுபடி தைச்சேன். மகளுக்குப் பதினோரு வயசு, பக்கத்துல உக்காந்து, "அப்பா, இந்தத் தாத்தா யாருன்னு தெரியாதுல்ல, அப்புறம் எதுக்கு அவர் தொப்பியைத் தைக்குறே?"ன்னு கேட்டா. ஊசியில நூல் கோத்துக் குடுடான்னேன்.

இப்போ எப்படி இருக்கு

மொத்த செலவு தொப்பி 35, பட்டை, நாப்தா, பிரஷ், அது இதுன்னு இன்னொரு 60 டாலர். விக்கப் போனா இதுல பாதி கூட தேறாது, ஏன்னா தங்க எழுத்து போட்ட ஒரிஜினல் பட்டை இல்லாத ஸ்ட்ராட்டோலைனருக்கு கலெக்டருங்ககிட்ட மதிப்பு குறைவு. நியாயம்தான், பேரு அந்தப் பட்டையிலதானே இருந்தது. கருவாடான பட்டையைத் தூக்கிப் போடல, அமிலமில்லாத காகிதத்துல சுத்தி தொப்பிப் பெட்டிக்கு அடியில வெச்சிருக்கேன்.

எனக்கு 58 சைஸ். ஆமா, இத்தனைக்கும் அப்புறம் தொப்பி எனக்குச் சேரல. அரை மணி நேரம் போட்டா நெத்தியில செவப்பா ஒரு கோடு விழுது. இழுத்துப் பெருசாக்கலாம், ஃபெல்ட் கொடுக்கும், ஆனா புதுத் தையல் மேல பாரம் ஏறும்னு விட்டுட்டேன். அலமாரி மேல தலைகீழா, கிரவுன் தரையில படுற மாதிரி உக்காந்திருக்கு. விளிம்பு மேல நிக்க வெச்சா மறுபடி அப்பளம்தான்.

ஓபிஎஸ் சீட்டை பசை போடாம, அது இருந்த அதே இடத்துல, பின்பக்கம் ஜாயிண்ட்டுக்கு இடது பக்கம் புதுப் பட்டைக்குள்ள சொருகி வெச்சேன். கூடவே பென்சில்ல ஒரு சீட்டு: பட்டை மாத்தினது, நாப்தாவுல முக்கினது, ரிப்பன் திருப்பினது, ஒரு ஓட்டை அடைச்சது, மாசம், வருஷம். புதுத் தோல், கரகரன்னு சத்தம் போடாது, ஒரு விரலால திருப்பினாலே ரெண்டு சீட்டும் தெரியும்.